கீறலைத் தேய்க்கும் முன் ஆழத்தைப் பாருங்கள்

காரில் கீறல் விழுந்ததும் பலரும் துணியையும் பற்பசையையும் தேடுகிறார்கள். அதற்கு முன் கீறல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால், எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்குக் கடைக்குப் போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

பெயின்ட் எவ்வளவு கனம்?

காரின் தகட்டின் மேல் பொதுவாக நான்கு பூச்சுகள் இருக்கும். அடியில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன்மேல் ப்ரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம், அல்லது அதைவிடச் சற்று அதிகம். பளபளப்பைத் தருவதும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் கிளியர் கோட். அது சுமார் 40 மைக்ரான் அளவே இருக்கும்; தேய்ந்தால் திரும்ப வளராது.

ஆழத்தை அறிவது எப்படி?

இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. அடுத்து, நகத்தைக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தட்டினால் ஆழமான கீறல். உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் ப்ரைமர் வரை போயிருக்கிறது. மினுங்கினால் தகடே தெரிகிறது.

மேலோட்டமான கீறலுக்கு

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்து, கீறலின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. காரை நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகடு சூடாறிய பின் தொடங்குங்கள். முதலில் மிக நைசான பாலிஷ். அதற்குப் போகாவிட்டால் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது என்ற நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுக்க அழிக்க முயல்வதில்தான் கிளியர் கோட் போய்விடும்.

பற்பசை கார் பெயின்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. தேய்த்த இடம் மங்கலாகலாம். தேங்காய் எண்ணெய் அடுத்த கழுவல் வரை கீறலை மறைக்கும், அவ்வளவுதான்.

ஆழமான கீறலுக்கு

இதற்கு டச்-அப் பெயின்ட் வேண்டும். காரின் நிறக் குறியீடு பெரும்பாலும் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். ‘வெள்ளை’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் நிறம் பொருந்தாது. கீறலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் பூசுங்கள். கனமாக ஒரே பூச்சு வேண்டாம். காயவிட்டுக் காயவிட்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, கடைசியில் கிளியர் கோட் இடுங்கள்.

தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். துரு இருந்தால் சுரண்டி நீக்கி, ப்ரைமர் பூசிய பிறகே நிறம். உப்புக்காற்று வீசும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் துரு வேகமாகப் பரவும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் விழும் கீறல் காத்திருக்கலாம்.

கதவு நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தால் டிங்கரிங் கடைதான் வழி. காப்பீட்டில் கிளெய்ம் செய்யும் முன் கணக்குப் போடுங்கள். 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1000 ரூபாய் நம் பொறுப்பு. கிளெய்ம் செய்யாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதத் தள்ளுபடியும் வழக்கமாகப் போய்விடும்.

கீறல் விழாமல் இருக்க

வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் துடைப்பதால் வருபவை. தூசியில் உள்ள மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காலையில் காய்ந்த துணியால் துடைக்கும்போது அந்த மணலையே பெயின்டில் தேய்க்கிறோம். ஒரே வாளித் தண்ணீரில் பல கார்களைத் துடைத்தாலும் இதே கதிதான்.

முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை வழியவிடுங்கள். கார் ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி வையுங்கள். மேலிருந்து கீழாகக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தரையில் விழுந்த துணியை அலசாமல் தொடாதீர்கள். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டால், காற்றில் கவரே உரசும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள்.

செராமிக் கோட்டிங் அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும். சாவியால் போடும் கோட்டைத் தடுக்காது. கற்சிதறலையும் உரசலையும் ஓரளவு தாங்குவது பிபிஎஃப் எனும் பாலியூரித்தேன் படலம். அதற்குச் செலவு அதிகம்.

காசில்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவ நேரமில்லாத நாளில், தூசியைத் தூசியாகவே விட்டுவிடுங்கள். உங்கள் காரைத் துடைப்பவரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.