ஃபெல்லோஷிப்னா கவர்மென்ட் வேலையா?

எம்.எஸ்சி. முடிச்ச என் ஃப்ரெண்டோட தங்கச்சிக்கு நம்ம ஊர் ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணுல ஃபெல்லோஷிப் கிடைச்சிருக்கு. அவங்க அப்பா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "ஏந்தம்பி, அது கவர்மென்ட் வேலைதானே?" "இல்லீங்க அங்கிள்"னு சொன்னதும் அவர் முகம் வாடிப்போச்சு. அந்த "இல்லீங்க"வைத்தான் இன்னைக்கு விளக்கப் போறேன்.

கோவையில மத்திய அரசு ஆய்வகங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1912-ல தொடங்கின கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இங்கதான் இருக்கு. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930-கள்ல வேலை செஞ்ச இடம் அது. ஆர்.எஸ். புரத்துல வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில சலீம் அலி பறவையியல் மையம்னு இன்னும் இருக்கு. இவற்றுக்குள்ள ஆராய்ச்சியாளரா நுழைய முக்கியமா ரெண்டு கதவு.

முதல் கதவு தேர்வு. சிஎஸ்ஐஆர் நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கினா, உதவித்தொகை உங்க பேர்லயே வரும். 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு மதிப்பீட்டுல தேறினா எஸ்ஆர்எஃப், 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கோவையில சிஎஸ்ஐஆர் லேப் இல்லையேனு கவலை வேண்டாம். வழிகாட்டி கிடைச்சா, இந்த ஃபெல்லோஷிப்பை அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு போகலாம்.

ரெண்டாவது கதவு ப்ராஜெக்ட். ஒரு விஞ்ஞானிக்கு ஒரு ஆய்வுக்காக நிதி வரும். அதுல ஆள் எடுக்க நிறுவனத்தோட வெப்சைட்ல அறிவிப்பு போடுவாங்க, பெரும்பாலும் நேரடி இன்டர்வியூ. இங்க பணம் ப்ராஜெக்டோடது. ப்ராஜெக்ட் முடிஞ்சா உங்க இடமும் முடிஞ்சது. நிரந்தர வேலைக்கு உரிமை கோர முடியாது. நெட் இல்லாதவங்களுக்குத் தொகை குறைவாவும் இருக்கலாம்.

அப்போ ரெண்டாவது கதவு வேஸ்ட்டா? இல்லவே இல்லை. கருவிகளைக் கையாளலாம், ஆய்வுக் கட்டுரையில பேர் வரலாம், ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமானு தெரிஞ்சுக்கலாம். ஆனா சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுடுங்க:

ஒண்ணு, ப்ராஜெக்ட்ல இன்னும் எத்தனை மாசம் பாக்கி?

ரெண்டு, பிஎச்.டி. பதிவு பண்ண முடியுமா? எந்தப் பல்கலைக்கழகத்துல?

மூணு, பணம் மாசாமாசம் வருமா? சில ப்ராஜெக்ட்ல நிதி தாமதமா வரும். ரெண்டு மூணு மாசச் செலவுக்குக் கையில வச்சிட்டுப் போறது நல்லது.

அந்தத் தங்கச்சி கேட்டுப் பார்த்தாங்க. பாக்கி இருந்தது பதினாலு மாசம். சேர்ந்துட்டாங்க, சாயங்காலம் நெட்டுக்குப் படிக்கிறாங்க. அப்பாகிட்ட அவங்களே சொன்னாங்களாம்: "இது வேலை இல்லீங்ப்பா, வேலைக்கான படிப்பு. முடியுற தேதி தெரிஞ்சேதான் போறேன்."

அடுத்த எபிசோட்ல பார்க்கலாமுங்க!