தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்

ஜெர்மனியில் வாழும் நம் ஆண்கள் நாற்பதைத் தாண்டியதும் சொல்லத் தொடங்கும் புகார் இது: "இந்த ஊர்த் தண்ணிதான் முடியைக் கொட்ட வைக்குது." கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கும். ஆனால் வழுக்கைக்கு அது காரணமல்ல.

உச்சியிலிருந்து ஒரு முடி, பிடரியிலிருந்து ஒரு முடி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பிடரி முடி தடித்திருக்க, உச்சி முடி பூனைமுடியாய் மெலிந்திருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. இரண்டின் மேலும் விழுந்தது ஒரே தண்ணீர்தானே!

காரணங்கள்

டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களை மெல்ல மெல்லச் சுருக்குகிறது. இதில் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு என்று பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் கண்டறிந்தார்கள். தந்தைவழி மரபணுக்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

தலை முழுவதும் சீராகக் கொட்டினால் கதை வேறு. கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி டயட் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும்; பிறகு பெரும்பாலும் திரும்ப வளரும். தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும்கூடக் காரணமாகலாம். ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வட்ட வட்டமாக உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அபாயங்கள்

பரம்பரை வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரை மருத்துவர் சீட்டில்தான் கிடைக்கும். பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவே என்று ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதம் உறுதிசெய்தது. மனம் கனத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மாத்திரை, புராஸ்டேட் சோதனைக்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் ஏறத்தாழப் பாதியாக்கும். அந்தச் சோதனையின்போது மாத்திரை எடுப்பதை மறைக்காதீர்கள். தலையில் தடவும் மினாக்சிடில் மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும். தொடக்கத்தில் உதிர்வு கூடலாம். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

உரிமைகள்

நோயைக் கண்டறிய மருத்துவர் அவசியமெனக் கருதும் சோதனைகளுக்குப் பொதுக் காப்பீடு செலவு செய்யும். முடி வளர்க்கும் மருந்துகளை ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பின் 5ஆம் நூல், 34ஆம் பிரிவு விலக்கிவைத்திருக்கிறது. அது உங்கள் கைக்காசு.

முடிமாற்றுச் சிகிச்சைக்கு முன், காப்பீடு ஏற்காத செலவை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். அபாயங்களை உங்களுக்குப் புரியும்படி வாய்மொழியாக விளக்க வேண்டும். கையெழுத்திட்ட தாளின் நகலும், கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளும் உங்களுக்கு உரியவை. 2013ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. மலிவென்று வெளிநாடு போனால் இந்தப் பாதுகாப்பு அங்கே எளிதில் எட்டாது.

35 வயது முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை காப்பீட்டிலேயே உடல் பரிசோதனை உண்டு. அடுத்த முறை அதற்குப் போகும்போது, "முடியும் கொட்டுது டாக்டர்" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஷாம்பு வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.