பூர்வகுடி உரிமைகளும் பல்கலைக்கழக நிகழ்வுகளும்: பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் பூர்வகுடிகள் தொடர்பாக நடத்திய சில பொது நிகழ்வுகளின் பின்புலத்தை இக்கட்டுரை விளக்குகிறது. உரிமை, ஆட்சி, நலவாழ்வு, கல்வி ஆகிய நான்கும் அங்குத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் ஒரே வினாவில் வந்து கூடுவதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பூர்வகுடிகள், உறைவிடப் பள்ளிகள், தன்னாட்சி, ஆய்வு அறம், தரவு உரிமை

முன்னுரை

பூர்வகுடிகளின் உரிமை குறித்து நடத்தப்பெறும் கருத்தரங்குகளிலும் நினைவுநாள் நிகழ்வுகளிலும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் நடுநிலையான மேடையாகவே தோன்றுகிறது. கனடாவின் வரலாறு இத்தோற்றத்திற்கு இடந்தரவில்லை. அங்குப் பல்கலைக்கழகமே வழக்கின் ஒரு தரப்பு.

'பூர்வகுடிகள்' என்னும் சொல் இக்கட்டுரையில் முதற்குடியினர், இனூயிட், மெட்டி ஆகிய மூன்று மக்களையும் ஒருசேரக் குறிக்கிறது. இவர்களுள் முதற்குடியினர் தம்மை அரசோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் தகுதியுடைய தேசங்களாகக் கருதுவோர். 'பழங்குடியினர்' என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் அரசமைப்புச் சட்டப் பட்டியலும் இடஒதுக்கீடும் இச்சூழலுக்கு நேரே பொருந்தா.

பட்டமும் தகுதியிழப்பும்

பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று சுட்டிய 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம், அவர்களுள் பல்கலைக்கழகப் பட்டம் பெறும் ஒருவர் அச்சட்டப்படியான தகுதியிலிருந்து நீங்கிவிடுவார் என விதித்தது. மருத்துவர், வழக்குரைஞர், சமயகுரு ஆகியோருக்கும் இதுவே விதி. இது பின்னர்த் தளர்த்தப்பட்டது எனினும், உயர்கல்வியும் குடிவழி உரிமையும் ஒருவரிடம் ஒருங்கே இருக்கலாகாது என்று சட்டமே கருதிய காலம் ஒன்று இருந்தது என்பது நினைவிற்குரியது. இதனை மறந்து பூர்வகுடி மாணவர் சேர்க்கைக் குறைவை 'ஆர்வமின்மை' எனக் காண்பது பிழையாகும்.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1925இல் பாயிண்ட் கிரே வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. அந்நிலம் மஸ்குவியம் மக்களுடையது. உடன்படிக்கை எதன்வழியாகவும் அவர்களால் விட்டுக்கொடுக்கப்படாதது. இரண்டே ஆண்டுகளில், 1927இல், நிலவுரிமைக் கோரிக்கைக்கு அரசின் ஒப்புதலின்றி நிதி திரட்டுவதை இந்தியர் சட்டம் குற்றமாக்கியது. 1951 வரை இத்தடை நீடித்தது. இன்று அப்பல்கலைக்கழக நிகழ்வுகள் அந்நிலத்தின் உரிமையாளரை நினைவுகூர்ந்தே தொடங்குகின்றன. கேட்டுக் கேட்டுச் சடங்காகிவிட்ட அவ்வாக்கியத்தின் பின்னே இந்த 24 ஆண்டுக் கட்டாய மௌனமும் உள்ளது.

மஸ்குவியம் மீனவர் ஒருவர் மீதான வழக்கில்தான் கனடா உச்ச நீதிமன்றம் 1990இல், அரசமைப்புச் சட்டம் காக்கும் பூர்வகுடி உரிமைகளுக்கு முதன்முறையாக விரிவான விளக்கம் அளித்தது. 1997இன் டெல்காமூக் தீர்ப்பு வாய்மொழி வரலாற்றை நிலவுரிமைக்கான சான்றாக ஏற்று உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்றது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் தனியே ஊன்றிப் படிக்கத்தக்க தீர்ப்பு இது.

மூன்று நிகழ்வுகள்

உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். தமிழகத்தின் உண்டு உறைவிடப் பள்ளிகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. குழந்தையைத் தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரிப்பதே இவற்றின் நோக்கமாக இருந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இவ்வரலாற்றை ஆராய்ந்து 2015இல் 94 செயலழைப்புகளை முன்வைத்தது.

அவ்வாணையத்தின் தேசிய நிகழ்வு வான்கூவரில் நடைபெற்றபோது, 2013 செப்டம்பர் 18 அன்று பல்கலைக்கழகம் தன் பெரும்பாலான வகுப்புகளை நிறுத்தி, மாணவர்கள் அங்குச் சென்று சாட்சியங்களைக் கேட்க வழிசெய்தது. 2017 ஏப்ரல் 1 அன்று, ஹைடா சிற்பி ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கிய நல்லிணக்கத் தூண் வளாகத்தில் நிறுவப்பட்டது. தூணின் நடுவே ஒரு பள்ளிக் கட்டடம். அதன்மீது, பள்ளிகளில் இறந்த குழந்தைகளைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான செப்பு ஆணிகள். 2018 ஏப்ரல் 9 அன்று உறைவிடப் பள்ளி வரலாறு மற்றும் உரையாடல் மையம் திறக்கப்பட்டபோது, அன்றைய தலைவர் சாண்டா ஓனோ, அம்முறை நீடித்ததில் பல்கலைக்கழகத்திற்கு இருந்த பங்கிற்காக மன்னிப்புக் கோரினார்.

இம்மூன்றில் மூன்றாவதே கனமானது. முதலிரண்டில் பல்கலைக்கழகம் கேட்பவராகவும் இடமளிப்பவராகவும் நின்றது. மூன்றாவதில்தான் பொறுப்பேற்பவராக நின்றது.

குருதியும் தரவும்

நலவாழ்வுத் துறையில் இப்பொறுப்பு இன்னும் நேரடியானது. 1980களில் அப்பல்கலைக்கழக மரபணு ஆய்வாளர் ஒருவர், மூட்டழற்சி நோயை ஆராய்வதற்கென வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மக்கள் 883 பேரிடம் குருதி மாதிரிகளைப் பெற்றார். நோய்க்கான மரபணுக் காரணம் கிட்டவில்லை. மாதிரிகளோ அவருடன் அமெரிக்காவிற்கும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிற்கும் சென்று, கொடுத்தவர்கள் ஒப்புதல் அளிக்காத வம்சாவளி ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. 2004இல்தான் அவை திரும்பி வந்தன.

இத்தகைய பட்டறிவுகளிலிருந்தே 1998இல் முதற்குடியினரின் தரவு நெறிகள் உருப்பெற்றன. உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என நான்காக அவை இன்று வழங்குகின்றன. 2010இல் கனடாவின் தேசிய ஆய்வு அறநெறி ஆவணம் பூர்வகுடி ஆய்வுகளுக்கெனத் தனி இயலை ஒதுக்கியது. ஒருவரிடம் ஒப்புதல் பெறுவதோடு அவர்தம் சமூகத்தோடும் ஆய்வாளர் ஈடுபட்டுச் செயற்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

வகுப்புகள் நிறுத்தப்பட்ட அதே 2013இல், இரு வாரங்கள் கழித்து, அக்டோபர் 1 அன்று, மாநில முதற்குடியினருக்கான நலவாழ்வுப் பணிகளைக் கனடா நடுவண் அரசிடமிருந்து முதற்குடியினர் நலவாழ்வு ஆணையம் ஏற்றுக்கொண்டது. மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் பூர்வகுடி நலவாழ்வுப் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்னும் 24ஆம் செயலழைப்பை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாடம் மருத்துவரை மாற்றலாம். நிதியையும் திட்டத்தையும் யார் வகுப்பது என்பதை அதிகார மாற்றமே மாற்றும்.

கல்வியிலும் இவ்வேறுபாடு புலனாகிறது. 1997 முதல் மஸ்குவியம் மக்களோடு இணைந்தே அவர்தம் ஹெங்கெமினெம் மொழி அங்குக் கற்பிக்கப்படுகிறது. 2018இல் வளாகத் தெருப்பலகைகளிலும் அம்மொழி இடம்பெற்றது. பலகை வழிப்போக்கர் கண்ணில் படுகிறது. மொழியை உயிர்ப்பிப்பது வகுப்பறையே.

ஆவணம் யாருடையது?

உயிர்பிழைத்தோரும் குடும்பத்தாரும் தம்மைப் பற்றிய பதிவுகளை அணுக வழிசெய்வது உரையாடல் மையத்தின் பணிகளுள் ஒன்று. ஆணையத்தின் ஆவணங்கள் மனிடோபாப் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய மையத்தில் காக்கப்படுகின்றன. ஆனால், பள்ளிகளில் நேர்ந்த வன்கொடுமைகளுக்கு இழப்பீடு கோரி உயிர்பிழைத்தோர் அளித்த மந்தண வாக்குமூலங்கள் அங்குத் தாமாகவே சென்று சேர்வதில்லை. வரலாற்றுக்காக அவற்றைக் காக்க வேண்டும் என்று தேசிய மையம் வாதிட்டது. 2017 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 15 ஆண்டுகள் வைத்திருந்த பின் அவை அழிக்கப்பட வேண்டும். தம் வாக்குமூலம் காக்கப்பட வேண்டும் என விரும்பும் உயிர்பிழைத்தவர் அதனைத் தாமே தெரிவிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.