ஆறாத புண்ணும் அகலாத கூச்சமும்

எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானவர்களின் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும், உடலின் எதிர்ப்புச் சக்தி சிதைந்ததும் தலைதூக்கும் ஏனைய நோய்களேயாகும். அவற்றை உண்டாக்கும் கிருமிகளுள் ஹேர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் முக்கியமானவை. எனினும், கூச்சம் காரணமாக இவைபற்றி நமது சமூகங்களில் எவரும் வாய்திறப்பதில்லை.

மனிதரைத் தொற்றும் ஹேர்பிஸ் வைரஸ்கள் எட்டு உள்ளன. வாயோரத்திலும் பிறப்புறுப்பிலும் கொப்புளங்களை ஏற்படுத்துபவை இரண்டு. கொப்புளிப்பானை உண்டாக்குவது மற்றொன்று. இம்மூன்றும் கொப்புளங்கள் ஆறிய பின்னரும் நரம்புக் கலங்களில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது மீண்டும் வெளிப்படுகின்றன. சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் பல ஆண்டுகளின் பின்னர் அக்கியாக உருவெடுப்பதும் இவ்வாறே.

ஆரோக்கியமான ஒருவரில் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும் ஹேர்பிஸ் புண், எச்.ஐ.வி. முற்றியவரில் மாதக்கணக்கில் ஆறாதிருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றியவரில் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய புண்ணை எயிட்ஸ் நிலையின் அடையாளங்களுள் ஒன்றாக உலக சுகாதார ஸ்தாபனம் வகைப்படுத்தியுள்ளது. இக்குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தாக்கிப் பார்வையையே பறிக்கவல்லது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறப்புறுப்பு ஹேர்பிஸ் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் ஏனையோரை விட ஏறத்தாழ மூன்று மடங்காகும். புண் அதற்கு வாசலாகிறது. அது தாக்கும் கலங்களும் அவ்விடத்திலேயே திரண்டிருக்கின்றன.

அசைக்ளோவிர் மாத்திரை ஹேர்பிஸைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதனை உட்கொள்வதால் எச்.ஐ.வி. துணைவருக்குத் தொற்றுவது குறையவில்லை என்பதை, ஆபிரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே எச்.ஐ.வி.க்குரிய மருந்தே அடிப்படையானது. அதனை ஒழுங்காக உட்கொண்டால் எதிர்ப்புச் சக்தி மீளும். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடிக்கும்வரை பாலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது.

இலங்கையில் முதலாவது எச்.ஐ.வி. தொற்றாளர் 1987 இல் கண்டறியப்பட்டார். 2004 முதல் இம்மருந்து அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகிறது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் இலவசமே, இரகசியமும் பேணப்படுகிறது. ஆறாத புண் உள்ள அனைவருக்கும், இளவயதில் அக்கி கண்ட அனைவருக்கும் எச்.ஐ.வி. இருப்பதாக நாம் கூறவில்லை. ஆனால் கைமருந்துடன் நாட்களைக் கடத்தாமல் இரத்தத்தைப் பரிசோதிப்பது விவேகமானது.

ஒழுக்கத்தைப் போதிப்பது நமது சமயங்களின் கடமை. நோயாளியை ஒதுக்குமாறு அவற்றுள் எதுவும் போதிக்கவில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒருவர் வைத்தியரிடம் செல்லாதிருப்பாராயின், அப்பழியில் நமக்கும் பங்குண்டு.