ஊர்ச் செய்திக்குக் காசு எங்கிருந்து வரும்?

இணையச் செய்தித் தளம் ஒன்றைத் தொடங்க அதிகம் செலவாகாது. அதில் எழுதுபவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கத்தான் வழி கிடைப்பதில்லை. தலைநகரத்துப் பெரிய பத்திரிகைகளே திணறும் இந்தக் கணக்கு, இலங்கையின் புத்தளம் கரையோரம் போன்ற ஒரு சிறு வட்டாரத்தில் இன்னும் இறுக்கமானது.

வென்னப்புவ, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் நகரம், கற்பிட்டி என்று நீளும் புத்தளம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2012 குடிசன மதிப்பீட்டின்படி 762,396. முஸ்லிம்களும் தமிழர்களும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் தமிழில் வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு இலட்சத்தைச் சுற்றித்தான் வருவார்கள். செய்திக்கோ பஞ்சமில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின்நிலையம், களப்பு மீன்பிடி, உப்பளம், இறால் பண்ணை, கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இல் எழுந்த போராட்டம் என்று ஒவ்வொன்றையும் தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும். கொழும்புப் பத்திரிகைக்கு இவை உள்பக்கச் செய்தி. புத்தளம் ஒன்லைன் போன்ற ஊர்த் தளங்களுக்கு இடம் கிடைப்பது அதனால்தான்.

பலரும் முதலில் நம்புவது கூகுள் விளம்பரத்தை. கூகுளின் அட்சென்ஸ் சேவை தமிழ்த் தளங்களை ஏற்றுக்கொண்டதே 2018 பெப்ரவரியில்தான். அதில் கிடைக்கும் பணம் வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பாலாவியில் ஒருவர் பார்த்தால் வருவதைவிட, அதே பக்கத்தை இலண்டனில் ஒருவர் பார்த்தால் பல மடங்கு வரலாம். ஆயிரம் பார்வைக்கு ஒரு டொலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் மூன்று இலட்சம் பார்வை பெறும் ஊர்த் தளத்துக்கு 300 டொலர் சேரும். டொலருக்கு 300 ரூபா என்றால் 90,000 ரூபா. ஒரு செய்தியாளரின் சம்பளம், அவரது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், இணையக் கட்டணம், அத்தோடு தீர்ந்துவிடும். பார்வையைக் கூட்டலாம் என்று நினைத்தால் சினிமாக் கிசுகிசு, இராசிபலன் பக்கம் போக வேண்டியிருக்கும். அந்தச் சந்தையில் சென்னைத் தளங்களோடு போட்டிபோட்டு வென்ற ஊர்த் தளம் இல்லை என்றே சொல்லலாம்.

வாசகரைக் கொண்டுவந்து சேர்க்கும் பாதையும் தளத்தின் கையில் இல்லை. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைச் சுற்றி எழுந்த பதற்றம் வன்முறையாயிற்று. மறுநாள் அரசு பேஸ்புக், வட்ஸ்அப் இரண்டையும் முடக்கியது. எந்தத் தெருவில் என்ன நடக்கிறது, எது வதந்தி என்று சரிபார்த்துச் சொல்ல ஒருவர் மிகவும் தேவைப்பட்ட நாட்கள் அவை. பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கோ வாசகரை எட்டவே வழியில்லாமல் போயிற்று. இன்னொரு பக்கம், 2023 ஓகஸ்ட் முதல் கனடாவில் பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் செய்தி இணைப்புகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டன. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்துக்கு மெட்டா நிறுவனம் காட்டிய எதிர்வினை அது. டொரன்டோவில் இருக்கும் தமிழ் வாசகரும் அதில் அடிபட்டுப் போனார். நேரடியாக முகவரியைத் தட்டி வரும் வாசகர், மின்னஞ்சல் பட்டியல், சொந்தச் செயலி ஆகியவை மெதுவாகத்தான் வளரும். ஆனால் அவற்றை வேறொருவர் அவ்வளவு எளிதில் மூடிவிட முடியாது.

புலம்பெயர் தமிழ் இணையம் தானாகவே கண்டெடுத்த வருமான வழி ஒன்று உண்டு: மரண அறிவித்தல். லங்காசிறி குழுமம் ரிப்புக் என்ற பெயரில் இதற்கெனத் தனித்தளமே நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரிஸில் மறைந்தவரின் உறவுகள் நாலு கண்டத்தில் சிதறியிருக்கும்போது, படத்தோடு கூடிய அறிவித்தலுக்குக் குடும்பம் மனமுவந்து காசு கொடுக்கிறது. முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு என்று அதே குடும்பம் திரும்பவும் வருகிறது.

இதைப் புத்தளத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. முஸ்லிம் குடும்பங்களில் ஜனாஸா பெரும்பாலும் அன்றைக்கே அடக்கப்படும். அறிவித்தல் நிமிடங்களில் போய்ச் சேர வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் வட்ஸ்அப் குழுக்களும் அதை இலவசமாகச் செய்கின்றன. அதற்குக் கட்டணம் கேட்பதை ஊர் பொறுக்காது. என்றாலும் ஒரு தளத்தை நாள்தோறும் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஜனாஸா அறிவித்தலைப் போல வேறெதுவும் உண்டாக்குவதில்லை. அதை இலவசமாகவே வைத்துக்கொண்டு, உடப்பின் இந்துக் குடும்பங்களும் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களும் தரும் நினைவஞ்சலி, திருமண வாழ்த்து ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்குவதே இங்கே பொருந்தும் வழி.

மற்ற உள்ளூர் விளம்பரங்களும் உண்டு. டியூசன் வகுப்பு, காணி விற்பனை, தனியார் வைத்தியசாலை, நகைக்கடை ஆகியவை கூகுள் வழியாக வராமல் நேரடியாகப் பேசி வாங்கப்படுபவை. ஒரு பெட்டி விளம்பரத்துக்கு மாத வாடகை என்று பேசிவிட்டால் பார்வைக் கணக்கு அவ்வளவாகத் தேவையில்லை. கற்பிட்டியில் டொல்பின் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கலுக்கும் வருபவர்களுக்கான விடுதிகள் தமிழ் வாசகரைத் தேடுவதில்லை. ஆனால் அவற்றுக்குக் காணொளி எடுத்துக் கொடுப்பது, இணையப் பக்கம் அமைத்துக் கொடுப்பது போன்ற வேலைகளைத் தளத்தின் ஆட்களே செய்து சம்பாதிக்கலாம். வெளிநாட்டு வேலை முகவர்களின் விளம்பரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சரிபார்க்காமல் ஒன்றைப் போட்டு, அது மோசடியானால் ஊரில் சம்பாதித்த நம்பிக்கை அத்தனையும் போய்விடும்.

அடுத்தது வாசகர் சந்தா. மலேசியச் செய்தித் தளமான மலேசியாகினி 1999இல் தொடங்கி 2002இல் சந்தாவுக்கு மாறியது. வாசகர் கருத்துகளுக்காக 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் 500,000 ரிங்கிட் தண்டம் விதித்தபோது, அந்தத் தொகையை வாசகர்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். புத்தளத்தில் செய்தியைப் பூட்டிவைத்துக் காசு கேட்டால் வாசகர் வட்ஸ்அப்புக்குப் போய்விடுவார். செய்தியைத் திறந்தே வைத்து, விரும்பியவர் மாதம் 300 ரூபா தரும் அங்கத்துவ முறை இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். 500 பேர் சேர்ந்தாலே 150,000 ரூபா. அந்த 500 பேரைத் தேட வேண்டிய இடங்களும் தெரிந்தவையே. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் ஒரு சாரார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறி, இன்று மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம் என்று பிரிந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு சாரார். இரண்டு ஊர்களின் செய்தியும் வேண்டியவர்கள் அவர்கள்.

பணம் வாங்குவதில்தான் சிக்கல். பேபால் வழியாக இலங்கையில் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இல்லாதிருந்தது. உள்ளூரில் ஈஸி காஷ், லங்காகியூஆர், வங்கி வைப்பு எல்லாம் உண்டு. ஆனால் மாதந்தோறும் தானாகக் கழிக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் பாதிப்பேர் மூன்றாம் மாதம் மறந்துவிடுவார்கள். ஆண்டுச் சந்தாவாக ஒரேயடியாக வாங்குவது இதற்கு ஓரளவு பரிகாரம்.

நன்கொடை நிதி இன்னொரு வழி. கிரவுண்ட்வியூஸ், மாற்றம் ஆகிய தளங்கள், நன்கொடை நிதி பெறும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் கீழ் இயங்குபவை. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் கிராமப் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியா பத்திரிகையும் நிதியுதவியில் ஊன்றித்தான் வளர்ந்தது. கமராவும் பயிற்சியும் வாங்க இந்தப் பணம் நல்லது. சம்பளத்துக்கு இதை நம்பியவர்களுக்கு, 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது என்ன ஆகும் என்பது தெரிந்தது.

ஒரே ஒரு பெரிய விளம்பரதாரரை நம்புவதிலும் இதே ஆபத்து உண்டு. மாவட்டத்தின் பெரிய செய்திகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களையும் அரச திட்டங்களையும் பற்றியவை. வருமானத்தில் பாதி ஓரிடத்திலிருந்து வந்தால், அந்த இடத்தைப் பற்றிய செய்தி மெல்ல மெல்ல எழுதப்படாமல் போகும்.

எழுதினால் வரும் செலவும் கணக்கில் சேர வேண்டியது. குற்றவியல் அவதூறுச் சட்டம் இலங்கையில் 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்குகளுக்குத் தடையில்லை. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. அதனால் சந்தாப் பணத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலிருந்தே சட்டச் செலவுக்கென்று தனிக் கணக்கில் வைத்து, பாரதூரமான குற்றச்சாட்டுள்ள செய்திகளைப் பிரசுரத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டும் வழக்கத்தையும் வரவுசெலவில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.