நோயாளியான டாக்டர்

நோயின் இயல்பை நன்கறிந்தவர் வைத்தியர். அந்த நோய் அவருடைய உடலிலேயே குடிபுகுந்தால், கற்ற கல்வி அவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இவ்வினாவைப் பொருளாகக் கொண்ட போலந்துத் திரைப்படம் ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை எழுதி இயக்கியவர் கிரிஸ்தோப் சனூசி. 'வாழ்க்கை, உடலுறவினாற் பரவும் உயிர்கொல்லி நோய்' என்பது அதன் பெயர். கேட்டவுடன் திடுக்கிட வைக்கும் பெயர்தான். எனினும் சற்றே சிந்தித்தால் அதிலுள்ள கசப்பான நகைச்சுவை விளங்கும். பெற்றோரால் வந்து, வந்தவரை ஒருநாள் தவறாது கொண்டுபோவது வாழ்க்கையன்றி வேறு யாது?

சனூசி 1939இல் வார்சோ நகரிற் பிறந்தவர். பௌதிகமும் தத்துவமும் பயின்ற பின்னரே திரைப்படக் கலையைக் கற்றார். விஞ்ஞானம் எங்கே நின்றுவிடுகிறது என்னும் ஆராய்ச்சி அவருடைய படங்களில் ஓயாது நிகழ்வதற்கு இக்கல்வியும் ஒரு காரணம் எனலாம்.

படத்தின் நாயகர் டாக்டர் தோமாஸ் பெர்க். முதியவர், கூரிய அறிவும் அதனினுங் கூரிய நாவும் உடையவர், கடவுள் நம்பிக்கை அற்றவர். புனித பெர்னார்து என்னும் துறவியைப் பற்றிய படமொன்று பிடிக்கப்படும் இடத்தில் அவர் வைத்தியராகக் கடமையாற்றுகிறார். தூக்குமரத்தின் முன்னே நடுங்கும் குதிரைத் திருடன் ஒருவன், துறவியின் துணையால் அச்சம் நீங்கப் பெறும் காட்சி அங்கே படமாகிறது. அவ்வமைதி எங்கிருந்து வந்தது? டாக்டருக்கு அப்பொழுது அது வெறும் கதை.

பின்னர் அவருக்கே புற்றுநோய் என்பது தெரியவருகிறது. பிரிந்துபோன மனைவியிடம் பணவுதவி கேட்கும் நிலை வருகிறது. சத்திரசிகிச்சையை நாடிப் பாரிஸ் நகருக்குச் செல்கிறார். காலம் கடந்துவிட்டது என்பதே அங்கே கிடைத்த விடை. நோயின் போக்கைப் பிறருக்கு எடுத்துரைத்தவர் இப்பொழுது அதனைத் தம்மைப் பற்றியதாகக் கேட்கிறார். நூலறிவு நாள்களை எண்ணிக் காட்டுகிறது. அந்நாள்களை எவ்வாறு கழிப்பது என்று கூறவில்லை. முன்பு வெறும் கதையாகத் தோன்றிய திருடனின் அமைதி, இப்பொழுது அவர் தேடும் பொருளாகிவிடுகிறது.

பெர்க்காக நடித்தவர் ஸ்பிக்னியேவ் சபாசியேவிச். கண்ணீருக்கு இடங்கொடாத நடிப்பு. ஏளனம் பேசிய வாய் சிறிது சிறிதாக மௌனத்தைப் பழகுவதை அவர் முகத்திலே காணலாம். இப்படம் அவ்வாண்டில் மாஸ்கோத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது.

இதே பொருளைச் சனூசி 1978இலும் எடுத்தாண்டார். 'சுருள்' என்னும் அப்படத்தின் நாயகன் பெயரும் தோமாஸ். தீராநோய் கண்ட அவன், பனி மூடிய மலைப்பகுதிக்குச் சென்று, விடுதியிலுள்ளோரைச் சுடுசொற்களால் வருத்துகிறான். பின்பு மலையில் மறைகிறான். மீட்கப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரும் அவனுடைய கொந்தளிப்பு அடங்கவில்லை. தன்பால் இரங்கி வந்தோரை அவன் ஏற்க மறுக்கிறான்.

இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நோய் இருவரையும் ஒரே இடத்திற்கே கொண்டுசெல்கிறது. முன்னவன் கதவைச் சாத்திக்கொண்டான். பின்னவரோ, தம் அறிவின் செருக்கை விட்டுப் பிறரிடம் கேட்கத் துணிந்தார். குணமாக்க இயலாத நோயாளிக்கும் கொடுக்கத்தக்க ஒன்று உண்டு. அருகில் அமர்ந்து அவர் கேட்பதைச் செவிமடுத்தலே அது. மருந்து நின்றுவிட்ட பின்னரும் அக்கடமை நிற்பதில்லை.