எதிரே இருப்பவர் – 14: முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

போன வாரம் காலிங் ஸ்டேஷன். எவ்வளவு போட்டாலும் விடாமல் கால் செய்கிறவரிடம் ப்ளஃப் எடுபடாது, நல்ல சீட்டு வந்தால் தாராளமாகக் கட்டுங்கள் என்று முடித்திருந்தேன். அதைத் திரும்பச் சொல்ல இடமில்லை.

இந்த வாரம் மேனியாக் என்று சொல்லியிருந்தேன். என்ன சீட்டு வந்தாலும் சிப்பை அள்ளி வீசும் ஆசாமி. அவரைப் பற்றி எழுதத்தான் திங்கட்கிழமை உட்கார்ந்தேன். பழைய குறிப்புகளைப் புரட்டும்போது ஓர் ஆய்வுக் கட்டுரை அகப்பட்டது. இன்று வியாழன், மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக வேறு எதிலும் மனம் போகவில்லை.

நம் சீட்டுக் கச்சேரிகளில் ‘கை’ என்ற சொல்லை எப்படிப் புழங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ‘நல்ல கை வந்திருக்கு’, ‘இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது’ என்கிறோம். பிடித்திருக்கும் சீட்டும் கை, அதைப் பிடித்திருப்பதும் கை. அந்த ஆய்வு கேட்டது இதைத்தான்: இந்தக் கை அந்தக் கையைக் காட்டிக் கொடுக்குமா?

2013-இல் ‘சைக்கலாஜிகல் சயின்ஸ்’ இதழில் வந்தது. மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்தது. 2009 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் பந்தயத்தின் தொலைக்காட்சிப் பதிவுகளிலிருந்து, ஆட்டக்காரர் சிப்பை எடுத்து நடுவில் வைக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் சராசரியாக 1.6 விநாடி. கல்லூரி மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டி, இவரிடம் இருப்பது நல்ல கையா, மோசமான கையா என்று மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு மேலுடம்பு முழுவதும் தெரியும். சிலருக்கு முகம் மட்டும். சிலருக்கு முகத்தை வெட்டிவிட்டு, தோளிலிருந்து விரல் வரை கைகள் மட்டும்.

மேலுடம்பு முழுவதையும் பார்த்தவர்களின் கணிப்பு குருட்டாம்போக்கில் சொன்னதைவிடத் தேறவில்லை. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிடவும் மோசம். நல்ல கையைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லும் பக்கம் சாய்ந்தார்கள். கைகளை மட்டும் பார்த்தவர்கள்தான் சரியான பக்கம் சாய்ந்தவர்கள்.

வித்தியாசம் மிகப் பெரியதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்றரை விநாடியில், ஒலி இல்லாமல், ஆளையே தெரியாமல் இவ்வளவு கிடைத்திருக்கிறது! இந்தத் தொடரின் ஐந்தாம் வாரத்தில் எதிராளியின் கண்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இன்று எழுதினால் அதில் பாதியை வெட்டிவிடுவேன். தொழில்முறை ஆட்டக்காரர் வருடக்கணக்காகப் பழக்கி வைத்திருப்பது முகத்தைத்தான். நாம் பார்ப்போம் என்று அவருக்குத் தெரிந்த இடம் அது. கையை யாரும் பார்ப்பதாக அவர் நினைப்பதில்லை.

கையில் அப்படி என்ன தெரிந்தது? அதையும் கேட்டிருக்கிறார்கள். சிப்பைத் தள்ளும் அசைவு எவ்வளவு சரளமாக இருக்கிறது, எவ்வளவு நம்பிக்கையாகத் தெரிகிறது என்று மதிப்பிடச் சொன்னபோது, சரளமான அசைவுகள் நல்ல சீட்டோடு சேர்ந்து போயின. தயங்காமல் ஒரே வீச்சில் போய் நிற்கிற கை, நல்ல கை.

ஆய்வாளர்களின் பெயர் வரிசையில் நளினி அம்பாடி என்று இருந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேரளக் குடும்பம், பிறந்தது கொல்கத்தாவில், டில்லியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1993-இல் ராபர்ட் ரோசந்தாலோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு உளவியல் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்கள் பாடம் நடத்தும் ஒலியில்லாத காட்சிகளை, மொத்தமே அரை நிமிடம், முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். ஒரு பருவம் முழுக்க அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கடைசியில் கொடுத்த மதிப்பெண்ணோடு அது ஒத்துப்போனது. அரை நிமிடத்தை ஆறு விநாடியாகக் குறைத்தும் ஒத்துப்போனது. மனிதரின் ஒரு மெல்லிய சீவல் போதும் என்பதே அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, பொருந்தும் எலும்பு மஜ்ஜைக்காகத் தெற்காசியர்கள் நடுவே பெரிய தேடல் நடந்தது. பலனில்லை. 2013 அக்டோபரில் காலமானார். இந்தப் போக்கர் ஆய்வு வந்ததும் அதே வருடம்தான்.

இன்னொரு விஷயமும் என்னை விடவில்லை. ஆட்டக்காரரின் சீட்டு என்னவென்று ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரிந்தது? கவிழ்த்து வைத்த சீட்டைத் தொலைக்காட்சி காட்டியதால்தான். அதைக் காட்டும் கேமரா ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். 1923-இல் போலந்தில் பிறந்த யூதர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர், ஐந்து வதைமுகாம்களைக் கண்டு உயிர் பிழைத்தவர். ஒரு முகாமில், விஞ்ஞானிகளும் கணிதம் படித்தவர்களும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அவர் அப்படி எதுவும் படித்தவர் இல்லை. சகோதரர்களோடு போய்ப் பெயர் கொடுத்தார். ஆராய்ச்சி என்று நடந்ததே ஒரு நாடகம், போர்முனைக்கு அனுப்பப்படாமல் தப்பிக்க ஜெர்மானியர்கள் நடத்தியது என்று பின்னால் தன் நினைவு நூலில் எழுதினார். அவர்களும் ப்ளஃப், இவரும் ப்ளஃப். தோற்றால் இவருக்கு மட்டும் உயிர் போகும்.

அமெரிக்கா வந்து பொம்மை வியாபாரத்தில் நின்றார். ஜப்பானில் விற்ற மாறும் பொம்மைகளை ஹாஸ்ப்ரோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ அப்படி வந்தது. போக்கரை நேசித்தார். சீட்டு தெரியாவிட்டால் பார்வையாளருக்கு என்ன சுவை என்று நினைத்து அந்தக் கேமராவை யோசித்தார். 2003 வேர்ல்ட் சீரிஸில், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஒன்றுமில்லாத ராஜாவை வைத்துக்கொண்டு மொத்தச் சிப்பையும் தள்ள, ஒன்பது ஜோடி வைத்திருந்த சாமி ஃபர்ஹா யோசித்து யோசித்து ஃபோல்ட் செய்ததை உலகமே மூச்சடக்கிப் பார்த்ததற்கு அந்தக் கேமராதான் காரணம். அந்த வருடம் 839 பேர் ஆடினார்கள், மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார்.

சரி, நம் மேசைக்கு வருவோம். ‘சரளமான கை நல்ல கை’ என்று எழுதி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதுமா? போதாது. மைக் கேரோ 1984-இல் எதிராளியின் அடையாளங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் அவர் அடித்துச் சொல்வது, பந்தயம் கட்டும்போது திடீரென்று கை நடுங்கினால் அது ப்ளஃப் அல்ல, பெரிய சீட்டு என்று. பொய் சொல்கிறவர் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பெரிய சீட்டு வந்தவருக்கு அதுவரை இருந்த இறுக்கம் தளர்ந்து, கை உதறும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வருவார், எல்லாருக்கும் ‘சார்’. வழக்கமாக உள்ளங்கையால் கொட்டைகளை ஒரே தள்ளாகத் தள்ளுவார். அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நிற்காமல் இரண்டு கொட்டை உருண்டு பாயில் விழுந்தது.

“என்ன சார், கை இப்படி நடுங்குது?”

“காலையில காபி குடிக்கலப்பா, அதான்.”

நான் நம்பிக் கால் செய்தேன். மூன்று ராஜாவைக் காட்டினார்.

அப்படியானால் ஸ்லெபியன் சரியா, கேரோ சரியா? இரண்டு பேரும் சரி என்பதே என் கணிப்பு. வேர்ல்ட் சீரிஸ் மேசையில் இருப்பவர்கள் பல்லாயிரம் முறை சிப்பைத் தள்ளிப் பழகியவர்கள். அவர்கள் கையில் உதறல் வராது. தயக்கம் மட்டும் நூலளவு தெரியும். எப்போதாவது ஆடுகிறவருக்குப் பெரிய சீட்டு வருவதே பெரிய சம்பவம். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். வரும்போது உடம்பு சும்மா இருக்குமா? ஆக, அதே கை, இரண்டு பேரிடம் இரண்டு அர்த்தம். எதிரே இருப்பவர் யார் என்று முதலில் தெரியாமல் கையைப் படிக்க முடியாது.

அதனால் உட்கார்ந்ததும் முதல் இருபது கைகளை எண்ணுங்கள். இருபதில் இரண்டு மூன்றில் மட்டும் நுழைந்தால் அவர் நிட். சீட்டு பிடிக்கவில்லையென்றால் முறை வருவதற்கு முன்பே அதை வீசத் தயாராக விரல் நுனியில் பிடித்திருப்பார். அந்த நேரத்தில் சின்ன ரெய்ஸ் போதும், கட்டாயப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். அவரே ரெய்ஸ் செய்தால், கை எப்படி அசைந்தாலும் சரி, எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். இருபதில் பத்துப் பன்னிரண்டில் நுழைந்து கால் மட்டும் செய்துகொண்டே இருந்தால் போன வாரத்து ஆள். அவர் கையில் படிக்க ஒன்றுமில்லை. ஆனால் கால் மட்டும் செய்துகொண்டிருந்த கை திடீரென்று ரெய்ஸுக்கு நீண்டால், உடனே விலகுங்கள்.

மேனியாக்கிடம்தான் இந்தக் கணக்கு தவறுகிறது. அவர் கை எப்போதும் சரளம். குப்பைச் சீட்டுக்கும் அதே வீச்சு, ஏஸ் ஜோடிக்கும் அதே வீச்சு. தயக்கமே இல்லாதவரிடம் தயக்கத்தை எங்கே தேடுவது? எங்கள் பாயில் அப்படி ஒருவர் உண்டு, சாருடைய மருமகன். ஆறு வாரமாக அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்திருக்கிறேன். அது சிப்பைத் தள்ளும் கையில் இல்லை, சீட்டை மூடி வைத்திருக்கும் இடது கையில். இந்த ஞாயிறு ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.